பப்ளிக் பாலிசி மேற்படிப்பு: கொள்முதல் நிலையத்துல வேலை பாக்கறவன் விண்ணப்பிச்சா எடுப்பாங்களா?

வெண்ணாறு_கடைமடை

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. கணிதம், தமிழ் வழி, முதல் வகுப்பு. வீட்டுல நான்தான் முதல் பட்டதாரி. முடிச்சதுலேருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலை. சம்பா அறுப்பு வந்தா சோறு திங்க நேரம் இருக்காது, சீசன் முடிஞ்சா வீட்டுல சும்மா.

பொதுக் கொள்கை, பொது நிர்வாகம் இந்த மாதிரி ஏதாவது எம்.ஏ. போடலாம்னு இருக்கேன். காரணம் சின்னதுதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்கக்கூடாது. மெஷின்ல 18.2 காட்டுது, எதிர்ல நிக்கறவர் எங்க மாமா முறை. "ஏண்டா மாப்ள, இந்த 17ஐ யாருடா எழுதினது?"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கற படிப்பு எதுன்னு தேடினப்பதான் இந்தப் பேரெல்லாம் கண்ணுல பட்டுச்சு.

எங்கெல்லாம் போடலாம், பீஸ் எவ்வளவு ஆகும், எஸ்ஓபின்னு, ஏன் படிக்க வர்றோம்னு நாமளே எழுதற கட்டுரை ஒண்ணு கேக்கறாங்களே அதுல என்ன எழுதறது? அப்பாவால லட்சக்கணக்குல கட்ட முடியாது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

மன்னை_மாப்ள

தம்பி, மனசுல பட்டதைச் சொல்லிடறேன், கோச்சுக்காதே. பாலிசி படிச்சவன் டெல்லியில ஏதாவது கன்சல்டன்சியில உக்காந்து பிபிடி போட்டுக்கிட்டிருப்பான். நீ சொல்ற ஃபைல்ல கையெழுத்து போடறவன் பரீட்சை எழுதி உள்ள போனவன். நீ தமிழ் வழி. குரூப் 1, குரூப் 2வுல தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு, பிஎஸ்டிஎம்னு சொல்வாங்க. ரெண்டு வருஷம் இங்கிலீஷ்ல எம்.ஏ. படிச்சா அந்த பிஎஸ்டிஎம்மும் போச்சு. மன்னார்குடி வா, நாங்க அஞ்சாறு பேர் சேந்து படிக்கறோம், உனக்கும் ஒரு நாற்காலி போடறேன்.

நாகர்பாவி_நாச்சியார்கோயில்

மாப்ள அண்ணே, நாற்காலி போடறது நல்ல மனசு, ஆனா பிஎஸ்டிஎம் பத்திச் சொன்னது தப்பு. 2020 திருத்தத்துக்கு அப்புறம் பள்ளியிலேருந்து அந்த வேலைக்கு என்ன கல்வித்தகுதி கேக்கறாங்களோ அதுவரைக்கும் தமிழ் வழியா இருக்கணும். குரூப் 1க்குக் கேக்கறது பட்டம். அதுக்கு மேல எந்த மொழியில படிச்சாலும் அது போகாது. இந்தப் பயத்துல எத்தனை பேர் மேல படிக்காம நிக்கறாங்கன்னு நினைச்சா எரிச்சலா வருது.

கடைமடை தம்பிக்கு: நான் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில மாஸ்டர்ஸ் இன் பப்ளிக் பாலிசி. 2014ல தொடங்கின கோர்ஸ், சட்டம் படிச்சிருக்கணும்னு இல்ல, எந்தப் பட்டமும் சரி. நுழைவுத்தேர்வு பேரு என்எல்எஸ்ஏடி. அப்ஜெக்டிவ் ஒரு பக்கம், எழுதற பகுதி ஒரு பக்கம். எழுதற பகுதியிலதான் நம்மாளுங்க மாட்டிக்கறாங்க, ஏன்னா பாயின்ட் பாயின்டா எழுதிப் பழகிட்டோம். அங்க ஒரு நிலைப்பாடு எடுத்து அதைத் தாங்கிப் பிடிக்கணும். நீ கணிதம்ங்கறது பெரிய லாபம். இங்க முதல் வருஷம் புள்ளியியல் வகுப்புல பாதிப் பேர் முகம் வெளுத்து உக்காந்திருப்பாங்க.

பீஸ் இங்க அதிகம்தான். உன் நிலைமைக்கு ரெண்டு இடம் முதல்ல பாரு. ஒண்ணு, பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், எம்.ஏ. டெவலப்மென்ட். குடும்ப வருமானத்தைப் பாத்து பீஸ், ஹாஸ்டல் ரெண்டையும் முழுசா தள்ளுபடி பண்றதும் உண்டு. ரெண்டாவது, டாடா சமூக அறிவியல் கழகத்தோட ஹைதராபாத் வளாகம். அங்க பப்ளிக் பாலிசி அண்ட் கவர்னன்ஸ்னே எம்.ஏ. இருக்கு. அதுக்கு க்யூட் பிஜிங்கற பொது நுழைவுத்தேர்வு எழுதணும்.

சிதம்பரம்_செவன்த்_செம்

வீட்டை விட்டு இவ்வளவு தூரம் ஓடணுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல அரசியல் அறிவியல், பொது நிர்வாகத் துறை இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்துலயும் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை இருக்கு. வேலையை விட மனசில்லன்னா இக்னோவுல, அதான் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல, எம்.ஏ. பொது நிர்வாகம் தபால்ல படிக்கலாம்.

ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சு சேந்துடாதே. பொது நிர்வாகம்னா அரசாங்கம் எப்படி அமைஞ்சிருக்கு, அதிகாரம் எப்படி இறங்குது, பணியாளர், நிதி, உள்ளாட்சி. அமெரிக்காவோட உட்ரோ வில்சன் 1887ல எழுதின கட்டுரையிலேருந்து பாடம் ஆரம்பிக்கும். பப்ளிக் பாலிசின்னா ஒரு பிரச்சினையை எடுத்து, நாலு வழி வெச்சு, எது எவ்வளவு செலவு, யாருக்கு லாபம், யாருக்கு அடின்னு கணக்குப் போடறது. முன்னதுக்குப் புத்தகம், பின்னதுக்கு எக்செல். யூபிஎஸ்சி விருப்பப் பாடமா எடுக்கறவங்க, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கு நெட் தேர்வு எழுதறவங்க பொது நிர்வாகத்துக்குப் போறாங்க. உன் மாமா கேட்ட கேள்வி ரெண்டு பக்கமும் கால் வைக்குது.

குடந்தை_கிளாஸ்கோ

வெளிநாட்டுக் கதவையும் மூடிடாதீங்க தம்பி. பிரிட்டன் அரசோட செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பாங்க, ரெண்டு வருஷக் கணக்கு அது. சீசன் வேலைதானேன்னு நினைக்க வேணாம், மணிக்கணக்குல கூட்டிக்கலாம். இங்கிலாந்துல ஒரு வருஷப் படிப்பு, முடிச்சுட்டு ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும்ங்கறது நிபந்தனை. நம்ம மூணு வருஷப் பட்டம் அங்க செல்லும். அமெரிக்காவுல சில பல்கலைக்கழகங்கள் நாலு வருஷப் பட்டம் இல்லன்னா முகத்தைத் திருப்பிக்கும், ஜிஆர்இ தேர்வுச் செலவு வேற.

உடனே கிடைச்சிடும்னு சொல்லல. முதல்ல இங்க ஒரு எம்.ஏ., அப்புறம் அதுன்னு வெச்சாலும் தப்பில்ல. எஸ்சி, எஸ்டி பசங்க யாராவது இதைப் படிச்சா, மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப், நம்ம மாநிலத்தோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ரெண்டையும் தேடிப் பாருங்க.

வெண்ணாறு_கடைமடை

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. நன்றி. எஸ்ஓபி ஒரு பாரா எழுதினேன். இங்கிலீஷ்ல எழுதினதைத் தமிழ்ல போடறேன், தயவு பாக்காம சொல்லுங்க.

"சோழ வளநாடு சோறுடைத்து என்பது எங்கள் மண்ணின் பெருமை. கரிகாலன் கட்டிய கல்லணை நீர் பாயும் கடைமடைக் கிராமத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், சிறு வயது முதலே சமூக மாற்றத்தில் ஆர்வம் கொண்டவன். நாட்டின் முதுகெலும்பான விவசாயிகளின் கண்ணீரைத் துடைக்கும் கொள்கைகளை உருவாக்குவதே என் வாழ்நாள் லட்சியம். அதற்கு உங்கள் புகழ்பெற்ற நிறுவனமே சரியான இடம்."

பொன்னி_பையன்

அருமையா இருக்கு தம்பி, கல்லணையைப் படிச்சதும் சிலிர்த்துப் போச்சு. ஒரே குறை, காவிரிப் பிரச்சினை இல்ல. டெல்டாக்காரன் காவிரி எழுதாம வேற யார் எழுதறது? 1990ல நடுவர் மன்றம், 2007ல இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16ல உச்ச நீதிமன்றம் 192 டிஎம்சியை 177.25 ஆக்கினது, அப்புறம் மேலாண்மை ஆணையம். எல்லாத்தையும் அடுக்கி ஒரு பக்கம் போடுங்க. அசந்துடுவாங்க.

நாகர்பாவி_நாச்சியார்கோயில்

பையன் சார், மன்னிக்கணும், அசர மாட்டாங்க. பெங்களூருல உக்காந்து காவிரி எழுதறதால சொல்லல. அந்த எண்கள் எல்லாம் எந்த நாளிதழ்லயும் கிடைக்கும். மாநில எல்லையில இருக்கற பிலிகுண்டுலுவுல எத்தனை டிஎம்சி வரணும்கறதை ரெண்டு மாநில அரசும் நாலு மூத்த வழக்கறிஞர்களும் பேசி முடிச்சாச்சு. இவரால அதுல புதுசா ஒரு வரி சேக்க முடியுமா?

தம்பி, பாராவை வரிவரியா பிரிக்கறேன். சோறுடைத்து, கரிகாலன், முதுகெலும்பு மூணையும் எடு. "சிறு வயது முதலே" எல்லாரும் போடறது, எடு. "ஏழை" எடு, வருமானச் சான்றிதழ் அதைச் சொல்லிக்கும். "கண்ணீரைத் துடைக்கும்": யார் கண்ணீர், எந்த மாசம், எதனால? "புகழ்பெற்ற நிறுவனமே": அங்க யார் என்ன பாடம் எடுக்கறாங்கன்னு பாத்தியா? பாக்கலன்னா அந்த வரியும் வேணாம். இப்ப மிச்சம் என்ன? பேரு மட்டும்தான். கடுமையா சொல்றேன்னு தெரியும். ஆனா இந்த இழையோட முதல் பதிவுல உன் மாமாவையும் 18.2ஐயும் எழுதினவன் இந்த பாராவுல காணாம போயிட்டான். அவனைக் கூட்டிட்டு வா.

பொன்னி_பையன்

நம்ம பெருமையைச் சொல்றதுல என்னம்மா தப்பு? எல்லாத்தையும் வெட்டிட்டா அப்புறம் அவன் டெல்டாக்காரன்னு எப்படித் தெரியும்?

நாகர்பாவி_நாச்சியார்கோயில்

ஈரப்பதம் அளக்கறதை எழுதினா தெரியும் சார்.

ஒரத்தநாடு_ஓய்வூதியர்

தம்பிக்கு வணக்கம். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமா கேட்ட கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தமிழ்நாடு 2002 அக்டோபரில் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறைக்கு வந்தது. நெல்லை வாங்குவது மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனால் வாங்குவது மத்தியத் தொகுப்பின், அதாவது மத்திய அரசின் உணவு தானிய இருப்பின், கணக்கில். செலவை ஈடுகட்டுவது மத்திய அரசு என்பதால் தர அளவுகோலை எழுதுவதும் அவர்களே. ஈரப்பதம், கல் மண், பதர், சுருங்கிய நெல், நிறம் மாறிய நெல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த 17 நாடு முழுமைக்கும் ஒன்றே. பஞ்சாபில் மழை ஓய்ந்த பிறகு அறுக்கிறார்கள், நாம் குறுவையை மழைக்குள் அறுக்கிறோம். எண்ணுக்கு அது தெரியாது.

மழை பிடித்தால் என்ன நடக்கும்? மாவட்டங்களிலிருந்து அறிக்கை போகும். மாநில உணவுத் துறை டெல்லிக்குக் கடிதம் எழுதும், பெரும்பாலும் 22 வரை கேட்கும். மத்தியக் குழு வரும், நிலையம் நிலையமாக மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும், பிறகு உத்தரவு வரும். 19 வரை தளர்த்திய பருவம் உண்டு. இதில் எந்த இடத்திலும் கெட்ட மனிதர் ஒருவர் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தாலும் நாள் ஓடிவிடும், அதற்குள் நெல் முளைத்துவிடும். ஆனால் அசைக்கவே முடியாத அமைப்பு என்றும் எண்ண வேண்டாம். அக்டோபர் 1 என்றிருந்த கொள்முதல் பருவத்தின் தொடக்கத்தை 2022இல் செப்டம்பர் 1க்கு முன்னே கொண்டுவர மத்திய அரசு சம்மதித்தது. கோரிக்கையும் காரணமும் தெளிவாக இருந்தால் தேதி நகர்கிறது. எண் ஏன் நகர்வதில்லை, நகரலாமா என்பதுதான் நீங்கள் படிக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மன்னை_மாப்ள

ஐயா, இதை நீங்க எந்த வகுப்புல படிச்சீங்க? வேலையிலதானே கத்துக்கிட்டீங்க? அப்ப நான் சொன்னதுதான் சரி.

ஒரத்தநாடு_ஓய்வூதியர்

வேலையில் கற்றேன், உண்மை. கற்று முடித்தபோது ஓய்வு வந்துவிட்டது. ஒரு கோப்பு எப்படி மேலே போகும் என்பது எனக்குத் தெரியும். வேறு எப்படிப் போயிருக்கலாம் என்று யோசிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நேரமும் தரவில்லை.

வெண்ணாறு_கடைமடை

ஐயா, ரொம்ப நன்றி. மாமாகிட்ட நேத்து ராத்திரியே படிச்சுக் காட்டினேன். "அப்ப நம்ம ஊரு மெஷின் மேல தப்பு இல்லியா"ன்னு கேட்டுட்டு ஒரு மாதிரி ஆயிட்டாரு. அக்கா சொன்ன மாதிரி திரும்ப எழுதினேன்.

"கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர். விவசாயி கொண்டுவரும் நெல்லில் கொஞ்சம் எடுத்து ஈரப்பதமானியில் போடுவேன். 17க்குள் இருந்தால் தூற்றி, 40 கிலோ மூட்டையாக எடைபோட்டுப் பட்டியல் போடுவோம். மேலே இருந்தால் காயவைக்கச் சொல்வேன். குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. கையால் அறுத்த காலத்தில் கட்டு வயலிலும் களத்திலும் கிடந்து காய்ந்தது. இப்போது செயின் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் வந்த அன்றே அறுத்து, அடித்து, ஈர நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. வண்டி ஊருக்குள் வரும் வாரத்தில் எல்லார் நெல்லும் ஒன்றாக வருகிறது. காயவைக்கத் தார்ச்சாலையை விட்டால் இடமில்லை. அறுவடை முறை மாறிவிட்டது, அளவுகோல் பழைய அறுவடைக்கானதாகவே இருக்கிறது.

தளர்வு ஒவ்வொரு முறையும் மழைக்குப் பிறகு கேட்கப்படுகிறது. இவ்வளவு மழை பெய்தால் இவ்வளவு தளர்வு என்று பருவம் தொடங்கும் முன்பே விதியாக எழுதிவைக்க முடியுமா? அதற்கு ஆகும் இழப்பும், ஊர்தோறும் உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் வைக்க ஆகும் செலவும், எது குறைவு? இரண்டிலும் குத்தகைக்காரருக்கு என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விகளைக் கணக்காகப் போடக் கற்றுக்கொள்ள விண்ணப்பிக்கிறேன்."

நாகர்பாவி_நாச்சியார்கோயில்

இதுதான்! "குத்தகைக்காரருக்கு" எங்கேருந்து வந்துச்சு? அதை இன்னும் ரெண்டு வரி நீட்டு.

வெண்ணாறு_கடைமடை

பதிவு பண்ண சிட்டா, அடங்கல் கேக்கறோம் அக்கா. கோயில் நிலம், மடத்து நிலம் வாய்மொழிக் குத்தகைல சாகுபடி பண்றவங்க பேர் காகிதத்துல இருக்காது. விஏஓ சான்று வாங்க அலையறதுக்குள்ள நெல்லை வியாபாரிகிட்ட போட்டுட்டுப் போயிடுவாங்க. தளர்வு குடுத்தாலும் களம் கட்டினாலும் அவங்களுக்கு வந்து சேருமான்னு சந்தேகம்.

சிதம்பரம்_செவன்த்_செம்

தம்பி, நீ இங்க ஒரு ஆய்வேட்டுக்கான தலைப்பை ஓசியில சொல்லிட்டே.

குடந்தை_கிளாஸ்கோ

எஸ்ஓபி பாதை பிடிச்சாச்சு. அடுத்து பரிந்துரைக் கடிதம். நம்ம கல்லூரிகள்ல ஆசிரியர்கிட்ட கேட்டா நன்னடத்தைச் சான்றிதழையே கொஞ்சம் நீட்டித் தருவாங்க: ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். அவங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, அவங்ககிட்ட யாரும் வேற மாதிரி கேட்டதில்ல. நீங்க போகும்போது அரைப்பக்கக் குறிப்பு எழுதி எடுத்துட்டுப் போங்க: எந்தப் பாடம், என்ன பண்ணீங்க, இப்ப என்ன வேலை, எதுக்கு விண்ணப்பிக்கறீங்க. அதுலேருந்து அவங்க சொந்தமா ரெண்டு சம்பவம் எழுதிடுவாங்க. ஒரு கடிதம் வேலையிடத்துல மேலதிகாரிகிட்ட வாங்குங்க. பெரிய பதவிக்காரர் கையெழுத்துன்னு எம்எல்ஏ வரைக்கும் போறவங்க இருக்காங்க, அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

நாகர்பாவி_நாச்சியார்கோயில்

சான்றிதழ் விஷயம் ஒண்ணு. பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் கையில இருக்கேன்னு க்யூட்ல ஓபிசி போட்டுட்டு கவுன்சிலிங்ல முழிக்கறவங்க வருஷா வருஷம் உண்டு. மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் தனி. இ-சேவையில தனியா விண்ணப்பிக்கணும், நடப்பு நிதியாண்டுத் தேதி கேட்பாங்க. நம்ம மாநிலப் பட்டியல்ல இருக்கற சாதி மத்தியப் பட்டியல்ல இருக்கான்னும் ஒரு தடவை பாத்துக்கோ. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் க்யூட் வழிதான். நீலக்குடி உனக்குப் பஸ் தூரம், எம்.ஏ. பொருளாதாரத்தை ஒரு மாற்றா வெச்சுக்கலாம்.

மன்னை_மாப்ள

சரி, நான் விடறதா இல்ல. நேர்காணல்ல நான் உக்காந்திருக்கேன்னு வெச்சுக்க. 22 சதவீதத்துக்கு எடுத்துட்டே. திறந்தவெளிக் கிடங்குல தார்ப்பாய் போட்டு அடுக்கி வெச்ச நெல்லு சூடேறிப் பழுப்பாகுது. அரவையில அரிசி நொறுங்குது. அது யார் ரேஷன் கடைக்குப் போகுது? உங்க அத்தை தட்டுக்குத்தானே? விவசாயிக்கு நல்லது பண்றேன்னு அரிசி வாங்கறவ வயித்துல அடிப்பியா?

வெண்ணாறு_கடைமடை

அண்ணே, நல்லா மாட்டிவிட்டீங்க. யோசிச்சு எழுதறேன்.

17ங்கற எண்ணுல தப்பு இல்ல, சேமிச்சு வைக்க அது வேணும்தான். அதனால தளர்வை மட்டும் கேட்டா உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஈர நெல்லை எடுத்தா அதை உடனே அரவைக்கு நகத்தணும், அடுக்கி வைக்கக்கூடாது. அதுக்கு லாரி வேணும், ஆலையில இடம் வேணும். காயவைக்கற பொறுப்பு இப்ப விவசாயி தலையில இருக்கு, மழை நாள்ல அவர்கிட்ட ரோட்டைத் தவிர எதுவும் இல்ல. அதே வேலையை நிலையத்துல இயந்திரம் வெச்சு செஞ்சா எடை குறையறதுக்கு ஏத்த மாதிரி விலையில கழிச்சுக்கலாம். எவ்வளவு கழிச்சா நியாயம்ங்கற கணக்கு எனக்கு இன்னும் போடத் தெரியல.

நாகர்பாவி_நாச்சியார்கோயில்

கடைசி வரியை நேர்காணல்லயும் அப்படியே சொல்லு. மாப்ள அண்ணே, நீங்க ஏன் விண்ணப்பிக்கல?

மன்னை_மாப்ள

எனக்கு குரூப் 2 மெயின்ஸ் இருக்கும்மா. ஆனா அந்த எழுத்துப் பகுதி மாதிரி வினாத்தாள் இருந்தா அனுப்பு, சும்மா பாக்கறேன்.

வலங்கைமான்_வேளாண்

நடுவுல நுழையறேன். நான் பி.எஸ்சி. வேளாண்மை, முதல் வகுப்பு. எம்.ஏ. போகாம நேரா முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டத்துக்கு, அதான் இளைஞர்கள் அரசோட சேந்து வேலை பாக்கற திட்டத்துக்கு, போட முடியுமா?

சிதம்பரம்_செவன்த்_செம்

போடலாம். அதுக்குப் பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மாதிரி தொழிற்பட்டம் முதல் வகுப்புல இருக்கணும், இல்லன்னா கலை அறிவியல்ல முதுகலை முதல் வகுப்பு. தமிழ் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு வருஷம், மாசாமாசம் உதவித்தொகை. கல்விப் பங்குதாரர் திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம்தான், முடிச்சா பொதுக் கொள்கையில சான்றிதழும் உண்டு. வயசு 22லேருந்து 30, பிசி, எம்பிசிக்கும் எஸ்சி, எஸ்டிக்கும் தளர்வு இருக்கு. அறிவிப்பு வருஷா வருஷம் வராது, பாத்துக்கிட்டே இருக்கணும்.

கடைமடை தம்பிக்கு இப்ப வெறும் பி.எஸ்சி. கணிதத்தை வெச்சு அது முடியாது. எம்.ஏ. முடிச்சா முடியும்.

வெண்ணாறு_கடைமடை

குறிச்சுக்கிட்டேன். க்யூட், அசிம் பிரேம்ஜி ரெண்டும் இந்த வருஷம் போடறேன். என்எல்எஸ்ஏடி கட்டணம் பாத்துட்டு முடிவு பண்றேன். ஓய்வூதியர் ஐயா, கொள்முதல் தர அளவுகோல் உத்தரவோட நகல் எங்க கிடைக்கும்? எங்க நிலையத்துல போர்டுல எழுதிப் போட்டிருக்கறதைத்தான் பாத்திருக்கேன், உத்தரவைப் பாத்ததில்ல.

ஒரத்தநாடு_ஓய்வூதியர்

மத்திய உணவுத் துறை ஒவ்வொரு பருவத்துக்கும் வெளியிடுகிறது, அவர்கள் இணையதளத்தில் இருக்கும். தளர்வு உத்தரவுகளையும் சேர்த்து எடுத்து, தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். மழை பெய்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போடலாம். மனு எழுதுவதில் ஐயம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.